மார்கழியில் பந்தயம், கத்திரியில் அஸ்திவாரம்: சென்னை ஓட்டக்காரருக்கு ஒரு வருட வழிகாட்டி

இணையத்தில் கிடைக்கும் ஓட்டப் பயிற்சி அட்டவணைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டவை. லண்டனிலும் பாஸ்டனிலும் மாரத்தான் ஏப்ரலில் நடக்கிறது. அதனால் பனிக்காலம் முழுக்க நீள ஓட்டம், வெயில் எட்டிப்பார்க்கும்போது பந்தயம். நமக்கு அந்தக் கணக்கு உதவாது. சென்னை மாரத்தான் ஜனவரியில். அங்கிருந்து பதினாறு வாரம் பின்னால் எண்ணினால் செப்டம்பர் நடுவில் வந்து நிற்போம். அட்டவணையின் கடினமான வாரங்கள் அத்தனையும் வடகிழக்குப் பருவமழையின் மேல் போய் விழும்.

என் முதல் ஹாஃப் மாரத்தானுக்கு அப்படி ஒரு அட்டவணையை அச்சடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தேன். நவம்பரில் போட்டிருந்த நான்கு நீள ஓட்டங்களில் மூன்றை மழை கொண்டுபோனது. பந்தயத்தில் 17-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு நடந்துதான் முடித்தேன். அடுத்த வருடம் அட்டவணையைக் கிழித்துப்போட்டுவிட்டு, நாட்காட்டியைப் பார்த்து நானே ஒன்று போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து சின்னச் சின்னத் திருத்தங்களோடு அதைத்தான் பின்பற்றுகிறேன். கீழே இருப்பது அதுதான்.

நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடுகிறவர், வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் வாரம் நான்கு காலை நேரத்தை ஒதுக்க முடிகிறவர், ஜனவரியில் 21.1 கிலோமீட்டர் ஓட ஆசைப்படுகிறவர்: இவருக்காகத்தான் எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டியவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர், வீட்டில் யாருக்காவது சிறு வயதில் மாரடைப்பு வந்திருப்பவர் என்றால் மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னால் டிரெட்மில் டெஸ்டும் எடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

படி 1: பந்தயத்தை முடிவு செய்யுங்கள்

வருடத்துக்கு ஒரு பெரிய பந்தயம் போதும். மற்றவை எல்லாம் அதற்கு ஒத்திகை. பதக்கம் சேர்க்கும் ஆசையில் மாதம் ஒன்று ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். பதக்கத்தோடு முழங்கால் வலியையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

ஜனவரியில் சென்னை. மும்பை அதே மாதம் மூன்றாவது ஞாயிறு. அங்கே ஃபுல் மாரத்தான் (42.2 கிலோமீட்டர்) ஓடுகிறவர்களுக்கு, கால் ஓய்ந்துபோன கடைசிப் பத்து கிலோமீட்டருக்குள் பெடர் ரோடு ஏற்றம் காத்திருக்கும். பிப்ரவரியில் ஆரோவில், செம்மண் பாதையும் மரநிழலுமாக இருக்கும். அங்கே கடிகாரத்தைக் கழற்றிவைத்துவிட்டு ஓடலாம். ஆகஸ்டில் ஹைதராபாத், மேம்பாலம் மேம்பாலமாக ஏறி இறங்க வேண்டும். டிசம்பரில் கோயம்புத்தூர், காலைக் குளிருக்காகவே போகலாம். ஜனவரி ஹாஃபை முதன்மையாக வைத்தால், ஜூலை அல்லது ஆகஸ்டில் ஒரு 10 கிலோமீட்டர் பந்தயத்தை ஒத்திகையாக வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

படி 2: பிப்ரவரி, மார்ச் – கால்களைத் தயார் செய்யுங்கள்

வானிலை இனிமையாக இருக்கும் மாதங்கள். ஆசை காட்டும். ஆனாலும் வாரம் 20 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். நான்கு நாளும் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாக ஒரு ஊர்வம்பு சொல்ல முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம்.

மிச்ச நேரத்தைத் தசைப் பயிற்சிக்குக் கொடுங்கள். வாரம் இரண்டு நாள், இருபது நிமிடம். ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது ஒரு காலுக்கு 15 வீதம் மூன்று முறை. பிறகு உட்கார்ந்து எழுவது, ஒரு காலை முன்வைத்து முட்டி மடக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, பக்கவாட்டுப் பிளாங்க் (ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, உடம்பை நேராகத் தூக்கி நிறுத்துவது). எடைக்கு 5 கிலோ அரிசிப் பை போதும். கெண்டைக்கால் தசை வலுவில்லாமல் தூரத்தைக் கூட்டினால் முதலில் முறையிடுவது குதிகால் தசைநார்தான். ஓட்டக்காரர்கள் அதிகம் தவிர்ப்பதும் இந்தப் பயிற்சியைத்தான், நானும் சேர்த்தி.

ஷூ வாங்குவதும் இப்போதே. சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது கடைக்குப் போங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகல இடம் இருக்க வேண்டும். காலமெல்லாம் செருப்பு போட்டு விரிந்த பாதம் நமக்கு. அகலமான அளவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு ஜோடி தோராயமாக 500 முதல் 800 கிலோமீட்டர் உழைக்கும். வாரம் 30 என்றால் வருடத்துக்கு 1,500. ஆக, இரண்டு மூன்று ஜோடி. இந்த விளையாட்டுக்குச் செலவே இல்லை என்று வீட்டில் சொல்லியிருந்தால் அதைத் திருத்திச் சொல்லிவிடுங்கள்.

படி 3: ஏப்ரல் முதல் ஜூன் வரை – வெயிலோடு சமாதானம்

சென்னை ஓட்டக்காரர்கள் பாதிப்பேர் ஓட்டத்தை விட்டுவிடுவது இந்த மூன்று மாதத்தில்தான். மார்ச்சில் கிலோமீட்டருக்கு 7 நிமிடத்தில் சுகமாக ஓடியவர் மே மாதம் அதே மூச்சுக்கு 7:40 ஓடுவார். ‘நான் கெட்டுப்போய்விட்டேன்’ என்று நினைத்து முக்கி முக்கி 7 நிமிடத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார். இரண்டு வாரத்தில் களைத்து, ஜூனில் காணாமல் போவார்.

நடப்பது இதுதான். வியர்வை நம்மைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான். சொட்டி விழுகிற வியர்வையால் பயனில்லை. சென்னையில் விடியற்காலைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும், வியர்வை போக வழியில்லாமல் உடம்பிலேயே வழியும். உள்சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்பும். தசைக்குப் போகும் பங்கு குறையும். அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு ஏறும். உங்கள் தகுதி எங்கேயும் போகவில்லை, பாதி குளிர்சாதன வேலைக்குப் போய்விட்டது.

வானிலைச் செயலியில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் ‘டியூ பாயிண்ட்’ (காற்றில் உள்ள ஈரம் பனித்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை; கூடக் கூடக் காற்றில் ஈரம் அதிகம்) எவ்வளவு என்றும் பாருங்கள். 20-க்குக் கீழ் என்றால் சென்னைக்கு அது சொர்க்கம். 24-ஐத் தாண்டினால் கடிகாரத்தில் வேகம் காட்டும் பக்கத்தையே மாற்றிவிட்டு, மூச்சை மட்டும் கணக்கில் வைத்து ஓடுங்கள். மே மாதம் முழுக்க எனக்கு அப்படித்தான் போகிறது.

உடம்புக்கு வெயிலைப் பழக்க 10 முதல் 14 நாள் ஆகும். ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து தினமும் முப்பது நாற்பது நிமிட மெது ஓட்டம், நடுநடுவே நடை. இரண்டு வாரத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும். அதன் பிறகு தூரத்தை மெல்லக் கூட்டலாம். நடுவில் பத்து நாள் கொடைக்கானல் போய்வந்தால், திரும்பி வந்ததும் முதல் சில நாள் மெதுவாகத்தான் தொடங்க வேண்டும்.

நேரம்: ஜூன் தொடக்கத்தில் சென்னையில் சூரியன் 5:45-க்குள் வந்துவிடும். ஓட்டம் அதற்குள் முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும். அதாவது 4:30-க்கு வாசலில். இருட்டில் ஓடுவதால் ஒளிரும் மேல்சட்டை, எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி சாலையின் வலது ஓரம். பெண்கள் பலர் இந்த நேரத்துக்காகவே குழுவோடு ஓடுகிறார்கள். பெசன்ட் நகர், மெரினா, அண்ணா நகர் என்று பகுதிக்குப் பகுதி குழுக்கள் உண்டு, கட்டணமில்லாமலேயே சேர்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் நாய்கள். துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, கண்ணைப் பார்க்காமல், மெதுவாக நடந்து அதன் எல்லையைத் தாண்டுங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்பது இதில் கிடையாது.

தண்ணீர் விஷயத்தில் ஆளுக்கொரு அறிவுரை சொல்வார்கள். நீங்களே அளந்துகொள்ளுங்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் ஈரம் துடைத்து, ஆடையில்லாமல் எடை பாருங்கள். 90 நிமிட ஓட்டத்துக்கு முன் 72 கிலோ, பின் 70.6, இடையில் குடித்தது 400 மில்லி என்றால் இழந்தது 1.8 லிட்டர், மணிக்கு 1.2. இதை முழுவதுமாக ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடித்து, மிச்சத்தை வீட்டுக்கு வந்து சாப்பாட்டோடு நிரப்பினால் போதும். அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002-இல் பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் இயல்பான அளவைவிடக் குறைந்திருந்தது, சிலருக்கு ஆபத்தான அளவுக்கு. ஓடிய பின் எடை கூடியிருந்தால் நீங்கள் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம், நாம் வியர்வையில் இழப்பது பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீரைவிட உப்பு போட்ட நீர்மோருக்குத்தான் என் ஓட்டு. ஓடும்போது குடிக்கப் பானகம்: அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் வெல்லம், எலுமிச்சை, கொஞ்சம் சுக்கு, இரண்டு சிட்டிகை உப்பு, வடிகட்டி பாட்டிலில். விலைகொடுத்து வாங்கும் விளையாட்டுப் பானத்தில் இருக்கும் சர்க்கரை அளவும் ஏறக்குறைய இதேதான், ஆறு சதவீதம் சொச்சம். ராமநவமிக்குக் குடித்துக்கொண்டிருந்ததை இடுப்புப் பட்டையில் கட்டிக்கொண்டு ஓடுகிறோம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூட ஓடுகிறவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், எரிச்சலாகக் கத்தினால் அது வெறும் களைப்பாக இருக்காது, வெப்பத்தாக்காக இருக்கலாம். வியர்வை வழிந்துகொண்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் அங்கேயே குளிர்வியுங்கள். நிழல், உடம்பு முழுக்கத் தண்ணீர், கழுத்திலும் அக்குளிலும் ஐஸ், விசிறி. பக்கத்தில் தொட்டியும் ஐஸும் இருந்தால் அதில் உட்கார வைப்பதே சிறந்தது. உயிரைக் காப்பது அந்த முதல் அரை மணி நேரம்.

படி 4: ஜூலை முதல் செப்டம்பர் வரை – மழைக்கு முன் சேமிப்பு

என் அட்டவணையில் மற்றவர்களிடமிருந்து வேறுபடுவது இந்த இடம்தான். நீள ஓட்டங்களை அக்டோபருக்குத் தள்ளாமல் இப்போதே போட்டுவிடுகிறேன். சென்னையில் வருடத்துக்குப் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் ஏறத்தாழ அறுபது சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடும். அந்த மூன்று மாதத்தில் புதிதாகத் தகுதியைக் கட்ட நினைப்பது பள்ளிக்கரணையில் அடித்தளம் தோண்டுகிற மாதிரி. தோண்டத் தோண்டத் தண்ணீர்தான்.

ஜூலை நடுவில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம் இப்படிப் போகும்: 10, 12, 14, பிறகு ஒரு வாரம் 11-க்கு இறங்கி, 15, 16, மறுபடி 12, செப்டம்பர் தொடக்கத்தில் 18. நான்காவது வாரமோ மூன்றாவது வாரமோ இறங்கிவருவதைத் தவறவிடாதீர்கள். எலும்பும் தசைநாரும் பலமாவது அந்த வாரத்தில்தான். ஃபுல் ஓடுகிறவர்கள் இதே காலத்தில் 26 வரை போய்விடலாம்.

செவ்வாய் அல்லது புதன் வேகப் பயிற்சி. நன்றாக உடம்பைச் சூடேற்றியபின் 3 நிமிடம் வேகம், 2 நிமிடம் மெதுவாக, ஐந்து முறை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அதற்குப் பதில் 20 நிமிடம் தொடர்ச்சியாக, ‘சிரமம்தான், ஆனால் சமாளிக்கலாம்’ என்கிற வேகத்தில். மற்ற இரண்டு நாளும் மெது ஓட்டம். மெது ஓட்டம் நிஜமாகவே மெதுவாக இருக்கட்டும். வாரத்தின் கிலோமீட்டர்களில் ஐந்தில் நான்கு பங்கு ஊர்வம்பு வேகத்தில் இருந்தால்தான் மீதியில் உண்மையாக விரட்ட முடியும்.

ஏற்றத்துக்கு ஊரில் மலை இல்லையே என்பார்கள். அடையாறு திரு.வி.க. பாலம் இருக்கிறது. மேம்பாலங்கள் இருக்கின்றன, ஆனால் வண்டி குறைவாக உள்ள நேரம் மட்டும். பரங்கிமலைப் படிகள் இருக்கின்றன. ஒரு முறை ஏறிப்பாருங்கள், மலை இல்லை என்று பிறகு சொல்ல மாட்டீர்கள்.

ஒத்திகைப் பந்தயம் இந்தக் காலத்தில் வரும். அதில் எடுத்த 10 கிலோமீட்டர் நேரத்தை இரண்டால் பெருக்கி, அதில் பத்து நிமிடம் கூட்டினால் ஜனவரி ஹாஃபுக்கு ஒரு நியாயமான இலக்கு கிடைக்கும். 60 நிமிடம் ஓடியிருந்தால் 2:10. இது என் கைக்கணக்குதான். ஆனால் ஆசையில் போடும் கணக்கைவிட நம்பகமானது.

படி 5: அக்டோபர் முதல் டிசம்பர் வரை – இருப்பதைக் காப்பாற்றுங்கள்

மழைக்காலத்துக்கு ஒரே விதி: தூரம் குறையலாம், வேகப் பயிற்சி குறையக் கூடாது. வாரம் 35 கிலோமீட்டர் ஓடியவர் 20-க்கு இறங்கினாலும், அதில் ஒரு நாள் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் சேர்த்துவைத்த தகுதியில் பெரும்பகுதி பல வாரம் அப்படியே நிற்கும். ஒரு வாரம் முழுக்க ஓடாமல் போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. விட்ட கிலோமீட்டரை அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடினால்தான் கெடும்.

நீள ஓட்டத்துக்கு ஞாயிறு என்கிற பிடிவாதத்தை விடுங்கள். வெள்ளியிலிருந்து திங்கள் வரை எந்தக் காலை வெளுத்திருக்கிறதோ அதில் 12 முதல் 16 வரை ஓடிவிடுங்கள். வியாழக்கிழமை மாலை வானிலை மையத்தின் முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் ‘நாளைக்குக் கொஞ்சம் லேட்டாகும்’ என்று சொல்லிவைப்பது என் வழக்கம்.

தூறலில் ஓடலாம், சுகமாகவே இருக்கும். இடி மின்னல் என்றால் வெளியே போகவேண்டாம். தேங்கிய தண்ணீரில் எக்காரணத்தைக் கொண்டும் இறங்கவேண்டாம். திறந்த சாக்கடை மூடி, அறுந்த மின்கம்பி, எதுவும் கண்ணுக்குத் தெரியாது. காலில் சிராய்ப்போடு வெள்ள நீரில் நடந்துவிட்டு, சில நாள் கழித்துக் காய்ச்சலும் தசைவலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். மருத்துவரிடம் தண்ணீரில் நடந்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளியே போகமுடியாத நாட்களுக்கு அடுக்குமாடியின் படிக்கட்டு ஒரு வரம். ஏறும்போது படி, இறங்கும்போது லிஃப்ட். இறங்குவதுதான் முட்டியைப் பதம் பார்க்கும். இருபது நிமிடம் செய்தால் வேகப் பயிற்சிக்குச் சமம். தரைத்தளக் கார் நிறுத்தத்தில் சுற்றிச்சுற்றி 5 கிலோமீட்டர் ஓடிய நாட்களும் உண்டு. காவலாளி முதல் நாள் ஒரு மாதிரி பார்த்தார், மூன்றாம் நாள் சுற்று எண்ணிக்கொடுத்தார். டிரெட்மில் இருந்தால் மின்விசிறியை எதிரே வையுங்கள்.

ஈர ஷூவுக்குள் பழைய செய்தித்தாளை அடைத்து நிழலில் காயவையுங்கள், வெயிலிலோ ஹீட்டரிலோ வேண்டாம். இரண்டு ஜோடி மாற்றி மாற்றிப் போட வேண்டிய காலம் இது. தொடை, அக்குள், ஆண்களுக்கு முலைக்காம்பு, பெண்களுக்கு உள்ளாடைப் பட்டை படும் இடம், எல்லாவற்றிலும் வாசலின். நனைந்த துணி ஒரு மணி நேரத்தில் தோலை உரித்துவிடும்.

காய்ச்சலும் இந்த மாதங்களில்தான் அதிகம். மூக்கடைப்பு மட்டும் என்றால் மெதுவாக ஓடலாம். காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச்சளி என்றால் ஓட்டம் கிடையாது. வைரஸ் காய்ச்சலோடு ஓடுவது இதயத் தசையையே பாதிக்கக்கூடும். காய்ச்சல் விட்டபின் எத்தனை நாள் படுத்திருந்தோமோ அத்தனை நாளாவது நடையிலும் மெது ஓட்டத்திலும் கழியட்டும். டெங்கு வந்திருந்தால் மருத்துவர் சொல்லும்வரை காத்திருந்துதான் ஆகவேண்டும். பந்தயக் கட்டணம் போனால் போகட்டும்.

டிசம்பர் முதல் பாதியில் ஒரு 18, ஒரு 20. இந்த இரண்டுக்கும் முழு ஒத்திகை: பந்தயத்துக்குப் போடப்போகும் ஷூ, உடை, சாப்பிடப்போகும் பழம் எல்லாம். 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம், மூன்றும் டிசம்பரில்தான் வந்தன. அதனால் ஒன்றை நவம்பர் கடைசியிலேயே முடித்துவைத்தால் நிம்மதி.

படி 6: கடைசி இரண்டு வாரமும் பந்தய நாளும்

தூரத்தை முதலில் மூன்றில் இரண்டாக, கடைசி வாரம் பாதிக்கும் கீழாகக் குறையுங்கள். வேகமான ஓட்டம் சின்னதாக ஒன்று இருக்கட்டும். இந்த வாரங்களில் இல்லாத வலியெல்லாம் வரும், இடது முட்டி என்னமோ செய்கிற மாதிரி இருக்கும். பெரும்பாலும் கவலைதான்.

முந்தின நாள் எக்ஸ்போவில் பிப் (மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கிக்கொண்டு சீக்கிரம் வீட்டுக்கு வாருங்கள். அங்கே வாங்கிய புது சாக்ஸை மறுநாள் போடாதீர்கள். இரவு இட்லி, தயிர்சாதம் மாதிரி வயிற்றை உறுத்தாதது. கீரையும் சுண்டலும் அன்றைக்கு வேண்டாம். காலையில் தொடங்க இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு வாழைப்பழம், வழக்கமான காபி. வலி வராமலிருக்க முன்கூட்டியே வலிமாத்திரை போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உடம்பில் நீர் குறைந்த நேரத்தில் அது சிறுநீரகத்துக்கு ஆபத்து.

ஜனவரி விடியல் சென்னையில் 20, 22 டிகிரி இருக்கும். நமக்கு மப்ளர் கட்டும் குளிர். ஆனால் 2019-இல் வியன்னாவில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே மாரத்தான் தூரத்தை 1:59:40-இல் ஓடிய காலையில் இருந்தது பத்து டிகிரி அளவுதான். நம் குளிர் அவர்கள் கணக்கில் வெயில். தவிர, ஜனவரியில் சூரியன் 6:30-க்கு மேல்தான் வரும், வந்தபின் ஈரக்காற்றும் சேர்ந்து வாட்டும். ஆகவே முதல் 5 கிலோமீட்டர் இலக்கைவிட கிலோமீட்டருக்கு 10, 15 விநாடி மெதுவாக. பக்கத்தில் எல்லோரும் பறப்பார்கள், பறக்கட்டும். 5-லிருந்து 15 வரை இலக்கு வேகம். அதன்பின் மூச்சு இருந்தால் கூட்டுங்கள். 40 நிமிடம் தாண்டியதும் ஒரு பேரீச்சை அல்லது இரண்டு மடக்கு பானகம், பிறகு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை. கடலைமிட்டாய் ஓடும்போது தொண்டையில் ஒட்டும், அதை முடித்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மேசையில் முதல் மேசையில் முட்டாமல் கடைசி மேசைக்குப் போங்கள், கூட்டம் இருக்காது. குடிக்கும் இருபது அடி நடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

படி 7: முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் உட்காராதீர்கள், பத்து நிமிடம் நடங்கள். ஒரு மணி நேரத்துக்குள் உப்பும் சோறும் உள்ளே போகட்டும். மறுநாள் படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிப்பாருங்கள், தொடை திட்டாது. ஒரு வாரம் நடை மட்டும், அடுத்த வாரம் ஊர்வம்பு வேகத்தில் இரண்டு மூன்று நாள். பொங்கல் கரும்பு அந்த வாரத்தில்தான் வரும். நான் கணக்குப் பார்க்காமல் கடிப்பேன்.